கழுவிய கை

கோர்ட்டு வராந்தாவில் மின்விசிறிக்கு அடியில் பெஞ்சு ஒன்றுதான் இருக்கிறது. அதனால் இந்த ஓரத்தில் நானும் அந்த ஓரத்தில் தையல்நாயகியும் உட்கார்ந்திருக்கிறோம், நடுவில் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு ஒரு பெரியவர். அவர் எங்கள் இரண்டு பேருக்கும் உறவில்லை. எந்த வழக்குக்கு வந்தவரோ, கடலைத் தோலைக் கீழே போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார், நல்ல மனிதர். பத்தரை மணிக்கு வந்தோம். எங்களுடையது ஒரே தெரு, எதிரெதிர் வீடு, ஆட்டோ மட்டும் இரண்டு. "ஒரே ஆட்டோவுல போனா என்ன? எறங்கினப்பறம் சண்டையை வச்சுக்கலாமே" என்றார் காலையில் என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அவள் ஆட்டோ முன்னால் போனது, பின்னால் வந்த எனக்கு அவள் கொண்டை தெரிந்தது. ஊசியைச் சரியாகக் குத்தவில்லை, ஒரு பள்ளத்தில் இறங்கினால் அவிழ்ந்துவிடும், கூட்டத்தில் தலையை முடிந்துகொண்டு நிற்பாளே என்று நாலு கிலோமீட்டரும் கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன். கவலைப்படக் கூடாது. அவள் பிரதிவாதி. இன்றைக்குத் தீர்ப்பு. "மதியச் சாப்பாட்டுக்கு மேலதாம்மா கூப்பிடுவாங்க, பதறாதீங்க" என்று வக்கீல் ஞானசேகரன் ஏலக்காயை மென்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனார். நான் பதறவில்லை. சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறேன், பன்னிரண்டு இருபது. ஒரு மணியாக இன்னும் நாற்பது நிமிஷம். ஒரு மணிக்கு என்ன என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும், சொல்ல மாட்டேன்.

மானநஷ்டம். இரண்டு வருஷமாக இந்தச் சொல்லை வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். மானம் தெரியும், நஷ்டம் தெரியும், இரண்டையும் ஒட்டினால் ஒன்றும் தெரியவில்லை. முதல் நாள் வக்கீல் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார், "ரிட்டயர் ஆனப்பறம் வீடுவீடாப் போய் ஊசி போடறீங்க, கட்டு மாத்தறீங்க. சரி. ஒரு ஊசிக்கு எவ்வளவு வாங்குவீங்க?" ஒன்றும் வாங்குவதில்லை என்றேன். "கட்டு மாத்தறதுக்கு?" அதற்கும் இல்லை. அவர் பேனாவை மூடிவிட்டார். "அம்மா, பதினாலு வீடு உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு, இப்ப ஆறு வீடுதான் கூப்பிடுதுன்னு சொல்றீங்க. காசு வாங்கியிருந்தா இவ்வளவு நஷ்டம்னு எழுதிக் காட்டிடலாம். சும்மா போட்ட ஊசி நின்னுபோனா சட்டத்துக்கு அதுல நஷ்டமே இல்லை." எனக்கு அழுகை வந்தது. உடனே அவர் பயந்துபோய், "இருங்க, இருங்க, அது ஒரு வகைதான். பேருக்கு வந்த கெடுதலுக்கு அந்த மாதிரிக் கணக்கு வேண்டாம். சொன்ன சொல்லே போதும். எத்தனை பேர் கேட்டாங்க, சொன்னவங்க யாரு, அப்பறமாவது மன்னிப்புக் கேட்டாங்களா, எல்லாம் பார்த்து நீதிபதியே ஒரு தொகை போடுவாங்க" என்றார். எப்படிப் போடுவார்கள், அளப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். நியாயமாகப் பட்டது எதுவோ அதுவாம். முப்பத்துநாலு வருஷம் கிராமத்து நர்சாக நான் அளந்தே வாழ்ந்தவள். காய்ச்சலுக்குக் கண்ணாடிக் குழாய், குழந்தைக்குத் தராசு, மருந்துக்குக் கோடு போட்ட சிரிஞ்சு. அறுபது பேர் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தால் முகத்தில் ஏறுமே ஒரு சூடு, அதற்குக் கோடு போட்ட குழாய் இன்னும் யாரும் செய்யவில்லை. எவ்வளவு கேட்கலாம் என்பதையும் நாமே சொல்ல வேண்டுமாம், கேட்கிற தொகைக்குத் தகுந்தபடி கோர்ட்டுக்குக் கட்டணமும் கட்ட வேண்டுமாம். "பெரிய மானம்னா பெரிய கட்டணம்" என்று வக்கீல் தானே சிரித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "நம்ம வசதிக்கு நடுத்தர மானம் போதும் வேணி" என்றார். அப்படித்தான் போட்டோம்.

பெரியவர் ஒரு கடலையை என் பக்கம் நீட்டுகிறார். வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். அந்தப் பக்கம் நீட்டுகிறார். தையலு வாங்கிக்கொண்டாள். வாங்குவாள், எதையும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அவளுக்குச் சர்க்கரை வந்ததே அப்படித்தான். கடலை பரவாயில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மண்டபத்திலும் அவள்தான் எல்லோருக்கும் எல்லாவற்றையும் நீட்டிக்கொண்டிருந்தாள், அவள் தம்பி மகளுக்குக் காதுகுத்து, அத்தைக்காரி ஆடாமல் யார் ஆடுவது. தம்பிக்கு நாற்பது வயதுக்குமேல் பிறந்த ஒரே குழந்தை, மிதிலா, பதினோரு மாதம். மிளகு அளவில் இரண்டு தோடு. குத்தினதும் குழந்தை வீறிட்டது, ஒருவர் கையிலும் நிற்கவில்லை, "ஊசி அத்தைகிட்டக் குடுங்க, அவ கையில போனா அடங்கிடும்" என்று தையலுதான் சொன்னாள். அடங்கியது. என் தோளில் ஈரமாக வாயை வைத்துக்கொண்டு விக்கி விக்கித் தூங்கியது. பந்தி இரண்டாவது சுற்று, மோர் வந்துகொண்டிருந்தது. குழந்தையின் அம்மா வந்து வாங்கிக்கொண்டாள், திருப்பினாள், இடது காதில் தோடு இல்லை. நான் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தேன், கன்னத்துக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். "கழண்டு விழுந்ததை வாயில போட்டிருக்கும். ஒரு படம் எடுத்துப் பார்த்துடுங்க, ரெண்டு மூணு நாள்ல தானா வந்துடும்" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன், எத்தனை பொத்தான், எத்தனை காசு, ஒரு தடவை ஒரு பம்பரத்து ஆணிகூடப் பார்த்திருக்கிறேன். குழந்தையின் அம்மா அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் தையலு அந்தக் குரலில் சொன்னாள். மைக் வேண்டாத குரல். "தூக்க வந்தப்பவே நெனச்சேன். இவ கை சுத்தமில்லை." மோர் ஊற்றிக்கொண்டிருந்தவன் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. இலையில் மோர் ஓடி ஒருவர் வேட்டியில் சொட்டியது, அவர்கூடத் துடைக்கவில்லை.

கை நீளம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரே அர்த்தம், திருடி, முடிந்தது. இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். இரண்டு வருஷமும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறேன். மூன்றாம் நாள் காலையில் தோடு வந்துவிட்டது. தையலு அதைக் கழுவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடி வந்தாள், "கெடைச்சிருச்சுடி! முழுங்கியிருக்கு கழுதை! நீ சொன்ன மாதிரியே!" என்று வாசலிலேயே சிரித்தாள். அவ்வளவுதான், அவளுக்கு அது முடிந்துவிட்டது. நான் உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. "மண்டபத்துல சொன்னதை மண்டபத்துல வந்து இல்லேன்னு சொல்லு" என்றேன். "அறுபது பேரை எங்கடி போய்த் தேடுவேன்? மறுபடி இலை போட்டாத்தான் வருவானுங்க." "போடு." "போடி இவளே." போய்விட்டாள். நான் நோட்டீஸ் அனுப்பினேன். திரும்பி வந்த பதிலைப் படித்த அன்றுதான் எனக்கு உண்மையில் உறைத்தது. எமது கட்சிக்காரர் திருட்டு எதையும் குறிப்பிடவில்லை, அன்று மேற்படியாள் பலாப்பழம் உரித்துவிட்டுக் கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்க வந்தார், அதை மட்டுமே நேர்ப்பொருளில் சொன்னார். கழுவாமல். அந்த வக்கீல் தம்பி, இளமாறன், கழுத்துப் பட்டை அவனுக்கு இரண்டு விரல் பெரிது, அவனுக்கு வேறு வழி கிடைத்திருக்காது, கெட்டிக்காரத்தனமாக எழுதிவிட்டோம் என்று நினைத்திருப்பான். திருடி என்று சொன்னதைத்தான் தோடு வந்து பொய்யாக்கிவிட்டதே. இதைப் பொய்யாக்க எது வரும்?

உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு. பதினெட்டுக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் இதைப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் வரிசையாகக் குழாயடியில் நிற்கும், நான் இருபதுவரை எண்ணுவேன், பதினெட்டில் ஏமாற்றி ஓடப் பார்க்கிறவனைப் பிடித்து மறுபடி ஒன்றிலிருந்து. இப்போது பேருந்தில் மீசை வைத்த ஒருவன் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, "உள்ளங்கை, புறங்கை" என்று சொல்லிச் சிரிக்கிறான். எந்தக் குழந்தையையும் கழுவாத கையால் தொட்டதில்லை. அன்றைக்கும் தொட்டிருக்க மாட்டேன். பலாப்பழம் நான்தான் உரித்தேன், தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, அது ஞாபகம் இருக்கிறது. பால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது, அதுவும். அதற்குப்பிறகு மண்டபத்துப் பின்கட்டில் குழாய், பச்சை சோப்பு ஒரு துண்டு, நடுவில் வெடித்திருந்தது. இதுதான் எனக்குச் சிக்குகிற இடம். அந்தப் பச்சை சோப்பு அந்த மண்டபத்துச் சோப்பா, இல்லை சுகாதார நிலையத்தில் வருஷக்கணக்காகப் பார்த்த சோப்பா? ஆயிரம் தடவை கழுவிய கை, அந்த ஒரு தடவை மட்டும் தனியாக நினைவில் நிற்க மாட்டேன் என்கிறது. கண்ணை மூடினால் பலாச்சுளை, அடுத்தது நேராகக் குழந்தையின் ஈர வாய். நடுவில் தண்ணீர் இல்லை. குறுக்கு விசாரணையில் இளமாறன் கேட்டான், "கை கழுவினீங்களா?" "கழுவினேன்" என்றேன். சத்தியம் செய்துவிட்டுச் சொன்னேன். "எங்கே கழுவினீங்க?" "பின்கட்டுக் குழாயில." "யாராவது பார்த்தாங்களா?" கை கழுவுவதை யார் பார்ப்பார்கள் தம்பி என்றேன், கோர்ட்டில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தெரிந்துதான் சொன்னேனா, வழக்கத்தால் சொன்னேனா? இதை இவரிடம்கூடச் சொன்னதில்லை. ஒருவேளை தையலு சொன்னது மெய்யாக இருந்தால், ஒரே ஒரு நாள், அழுகிற குழந்தையைப் பார்த்ததும் அப்படியே எண்ணெய்க் கையோடு தூக்கியிருந்தால், அப்புறம் முப்பத்துநாலு வருஷமும் யாருடையது?

"எந்த அர்த்தத்துல சொன்னாங்கங்கிறதைச் சொன்னவங்க முடிவு பண்ண முடியாது, கேட்டவங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டிருப்பாங்கன்னுதான் கோர்ட்டு பார்க்கும். சாதாரண மனுஷன் ஒருத்தன் என்ன நினைப்பான்? அதான் கேள்வி" என்று ஞானசேகரன் விளக்கியிருக்கிறார். அந்தச் சாதாரண மனிதனை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஆணா, பெண்ணா? எங்கே குடியிருக்கிறான்? மண்டபத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்தான்? அரைக்கைச் சட்டை போட்டிருப்பான், மொய்க் கவரைப் பாதி மடித்து வைத்திருப்பான், பாயசம் இரண்டாம் தடவை கேட்கக் கூச்சப்படுவான் என்று நானே ஒரு ஆளைச் செய்து வைத்திருந்தேன். அவனுக்குக் கோபம் வராது, அவசரம் கிடையாது. அவனிடம் போய், ஐயா நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டால் திருட்டு என்றுதான் நினைத்தேன் அம்மா என்பான். அப்படி அவன் சொன்னால் நான் ஜெயிப்பேன். அவன் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது, ஆனால் அவன் அதைச் சொல்லிவிட்டுப் போன பிறகும் மற்றது அப்படியே நிற்குமே. திருடிக்குத் தொகை போடுவார்கள். கழுவாத கைக்கு யாரும் தொகை போட மாட்டார்கள். பக்கத்திலிருக்கும் பெரியவரைப் பார்க்கிறேன். அரைக்கைச் சட்டைதான்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்து. தையலு ஒயர்கூடையிலிருந்து இன்சுலின் வைத்த சின்னத் தெர்மாசை எடுக்கிறாள். நான் பார்க்கவில்லை. பதினோரு வருஷம் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, அவள் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து முழங்கையை என் பக்கம் நீட்டுவாள், நான் போடுவேன், அவள் தெருக்கதை சொல்லிக்கொண்டே இருப்பாள், ஊசி போனதும் தெரியாது வந்ததும் தெரியாது என்பாள். இந்த இரண்டு வருஷமாகத் தானே தொடையில் போட்டுக்கொள்கிறாள் என்று கேள்வி. ஒரு மணி ஆனால் என் வலது கை தானாக எழுந்து எதையோ தேடும், இவர் பார்த்துவிட்டு ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அந்தக் கையில் கொடுப்பார். முன்பெல்லாம் பதினொன்றுக்கே வாய்தா போட்டு அனுப்பிவிடுவார்கள், ஒரு மணிக்கு அவள் வீட்டில் இருப்பாள். இன்றைக்கு இருக்கிறாள் இங்கே, இத்தனை பேர் நடக்கிற வராந்தாவில், தொடையில் எப்படிப் போடுவாள்? இடது கையால் வலது புஜத்தை எட்டிப் பார்க்கிறாள், எட்டவில்லை, சிரிஞ்சு ஆடுகிறது. இளமாறன் குனிந்து, "அம்மா, எதிர்த்தாப்ல மெடிக்கல் இருக்கு, அந்தண்ணன் போட்டுவிடுவாரு" என்கிறான். "அவன் நகத்தைப் பாத்தியா தம்பி? நான் மாட்டேன்." அந்த நகம் பார்க்கிற பழக்கம் நான் பழக்கியது. "பெரியவரே, கொஞ்சம் அந்தாண்ட நகந்துக்குங்க" என்கிறாள். பெரியவர் எழுந்து வராந்தா ஓரத்துக்குப் போக, நடுவில் ஆளில்லாத பெஞ்சு.

"வேணி." இரண்டு வருஷத்துக்குப் பிறகு. "என்ன?" "மணி ஒண்ணாச்சு." "தெரியும்." "தொடையில போட முடியாது இங்க." "தெரியும்." "அப்ப?" நான் முன்னால் இருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன், "என் கைதான் சுத்தமில்லையே." "அது கேசுடி. இது ஊசி." எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, எழுந்துவிடுகிறேன். பையிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு முற்றத்துக் குழாயடிக்குப் போகிறேன். "அம்மா, அம்மா! வாதி போய்ப் பிரதிவாதிக்கு ஊசி போடறதாவது? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்று இளமாறன் பின்னால் ஓடி வருகிறான். எங்கிருந்தோ ஞானசேகரனும் வந்துவிட்டார், "போடட்டும்யா! சாட்சியம் முடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டிருக்கக் கூடாதா? கை சுத்தம்னு அவங்களே நம்பறாங்கன்னு காட்டியிருக்கலாமே. இப்பப் போட்டு என்ன பிரயோஜனம்" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. சோப்பைத் தேய்த்துவிட்டேன், நுரையோடு நிற்கிறேன், அலச வழியில்லை. தையலு தன் பாட்டிலைத் திறந்து என் கையில் ஊற்றுகிறாள். உள்ளங்கை, புறங்கை. விரல் இடுக்கு. நான் எண்ணுகிறேன். பன்னிரண்டு, பதிமூன்று. "போதும்டி, இது குடிக்கிற தண்ணி" என்கிறாள். பேசாதே, பதினாலு. "எப்பப் பாரு இதே. அன்னிக்கும் மண்டபத்துல, பின்கட்டுல உன் பின்னாடி நாலு பேரு நிக்கிறோம், எனக்குக் கையெல்லாம் சாம்பாரு, இவ சோப்பை விட்டாத்தானே. உடைஞ்ச சோப்பை வச்சுக்கிட்டு எண்ணெய் போகலை எண்ணெய் போகலைன்னு ரெண்டு தடவை இருபது எண்ணினே."

பதினாலிலேயே நின்றுவிட்டேன். பச்சை சோப்பு. நடுவில் வெடித்தது. பின்னாலிருந்து யாரோ என் இடுப்பில் இடித்து, "சீக்கிரம்டி" என்றது. இடித்தது இவள்தான். பலாச்சுளைக்கும் குழந்தையின் ஈர வாய்க்கும் நடுவில் சலசலவென்று தண்ணீர் வந்துவிட்டது. "நீ பாத்தியா?" என்று கேட்கிறேன், குரல் எனக்கே கேட்கவில்லை. "பக்கத்துல நின்னவ பாக்காம?" "அப்பறம் ஏன்டி அப்படி எழுதிக் குடுத்தே?" அவள் பாட்டிலின் மூடியைத் திருகுகிறாள், திருகினதையே மறுபடி திருகுகிறாள். "தம்பி மக தோடு போச்சேங்கிற பதட்டத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். கேசுன்னு வந்ததும் இந்தப் புள்ள, இப்படி எழுதினாத் தப்பிச்சுக்கலாம்னுச்சு. நானும் சரின்னுட்டேன். உன் கையில என்னடி இருக்கு, என் வாயைத்தான் கழுவணும்." இளமாறன் வானத்தைப் பார்க்கிறான். ஞானசேகரன் ஏலக்காய் மெல்வதை நிறுத்திவிட்டு, "அய்யோ, சாட்சியம் முடிஞ்சுபோச்சே, இது எதுவும் ஏட்டுல ஏறாதே" என்கிறார். ஏற வேண்டாம். பெஞ்சுக்கு வந்து கையை உதறிக் காய வைத்துக்கொண்டு கேட்கிறேன், "காலையில என்ன சாப்பிட்டே?" "ரெண்டு இட்லி." இரண்டு என்றால் ஒன்று, எனக்குத் தெரியாதா. வழக்கமான பதினாலு யூனிட்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டோடு நிறுத்தி, தட்டிக் குமிழியை வெளியேற்றி, புஜத்தைக் கிள்ளிப் பிடித்துப் போடுகிறேன். மணி ஒன்று ஏழு. தொட்ட இடம் முன்னைவிட இளைத்திருக்கிறது. "போட்டுட்டியா?" "ஆச்சு." "தெரியவே இல்லை." ஓரத்திலிருந்து பெரியவர் கேட்கிறார், "அக்கா தங்கச்சிங்களா?" தையலு ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு சொல்கிறாள், "இல்லைங்க. அவ வாதி, நான் பிரதிவாதி." பெரியவர் தலையாட்டுகிறார், ஆனால் நம்பவில்லை. சாதாரண மனிதர்.

எலுமிச்சைச் சாதம், டப்பா மூடியைத் திறக்கிறாள், அப்பளம் மேலே வைத்திருக்கிறாள், அரை மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், சாப்பிடு சாப்பிடு என்று நான் சொல்லும்போதே டவாலி வாசலுக்கு வந்து எங்கள் பெயர்களைக் கூவுகிறார், அம்சவேணி, தையல்நாயகி, மூன்று தடவை. மதியத்துக்கு மேல் என்றார்களே. எதிர்பார்த்த வேறு வழக்கு வாய்தா ஆகிவிட்டதாம், நீதிபதி அம்மா நம்முடையதை எடுத்துவிட்டாராம், ஓடுங்கள் ஓடுங்கள். மூடியை மூடி உள்ளே ஓடுகிறோம். நீதிபதி அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு சுருக்கத்தை வாசிக்கிறார். பின்னால் எல்லா வரிசையும் நிறைந்திருக்கிறது, அறுபது பேர் இருக்கும். அந்தச் சொற்களை அங்கே இருந்த சாதாரண மனிதர் எவரும் திருட்டு என்றே பொருள் கொள்வார். கையைக் கழுவாததைத்தான் குறிப்பிட்டதாகச் சொல்லும் பிரதிவாதியின் வாதத்தை இந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. ஞானசேகரன் என் முழங்கையில் இடிக்கிறார், ஜெயித்துவிட்டோம் என்கிறார் பல்லுக்குள். ஆமாம், ஜெயித்துவிட்டோம். பொருள் இழப்பு ஏதும் நிரூபிக்கப்படவில்லை எனினும், வாதி பல ஆண்டுகள் செய்த சேவையையும், சொற்கள் சொல்லப்பட்ட இடத்தையும், பிரதிவாதி பின்னர் சபையில் வருத்தம் தெரிவிக்காததையும் கருத்தில் கொண்டு. அடுத்தது தொகை. சுவர்க் கடிகாரம் ஒன்று முப்பத்தைந்து. ஏழிலிருந்து முப்பத்தைந்து, இருபத்தெட்டு நிமிஷம். அந்தப் பக்கம் பார்க்கிறேன். தையலுவின் மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வியர்வை. தடுப்புக் கம்பியைப் பிடித்திருக்கும் விரல்கள் ஆடுகின்றன. சொல்ல மாட்டாள், விழுந்தாலும் சொல்ல மாட்டாள், அழுத்தக்காரி. கொண்டை அவிழ்ந்து தோளில் கிடக்கிறது. தொகையை வாசித்துவிட்டார்கள், நிற்காத பேருந்து மாதிரி அது என்னைத் தாண்டிப் போய்விட்டது. நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கியிருக்கிறேன். "அம்மா."

நீதிபதி நிமிர்கிறார். "என்ன? தொகையில ஏதாவது?" "அவங்க சாப்பிடணும்மா. சர்க்கரைக்கு ஊசி போட்டு அரை மணி ஆகப்போவுது. மயக்கம் வந்துரும்." நீதிபதி கண்ணாடியைக் கழற்றுகிறார். பிரதிவாதியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "யார் போட்டது?" இளமாறன் கண்ணை மூடிக்கொள்கிறான். "நான்தாம்மா" என்கிறேன். சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கிறது, அந்தச் சூடு ஏறப் பார்க்கிறது, யாரும் கேட்காமலே என் வாய் சொல்லிவிடுகிறது, "கை கழுவிட்டுத்தான் போட்டேன்." அந்தப் பக்கத்திலிருந்து, கம்பியை விடாமல், வியர்வையைத் துடைக்காமல், மைக் வேண்டாத அந்தக் குரலில், கடைசி வரிசைக்கும் வராந்தாவுக்கும் பெஞ்சுப் பெரியவருக்கும் கேட்கும்படி தையல்நாயகி சொல்கிறாள்: "ஆமாம்மா. நான்தான் தண்ணி ஊத்துனேன். அன்னிக்கும் கழுவிட்டுத்தான் தூக்குனா."